ஒரே இடத்துக்கு இரண்டு பட்டா

ஜூலை 8

இந்த டைரி கழிவில் வந்தது. பைண்டிங்கில் ஜூன் மாதத் தாள்களை இரண்டு முறை சேர்த்து, ஜூலை இல்லாமலே தைத்துவிட்டார்கள். பைண்டிங்கில் வேலை பார்க்கும் அம்மா மூன்று எடுத்து வந்தாள். ஒன்று பாத்திரம் இறக்கி வைக்க, ஒன்று ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்க, ஒன்று எனக்கு. இரண்டாவது ஜூனில் 'ஜூன்' என்பதை அடித்து 'ஜூலை' என்று எழுதிக்கொள்கிறேன்.

முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருக்கிறது. பெயர்: கார்த்தீஸ்வரி. வயது: பதினேழு. படிப்பு: ஒன்பதாம் வகுப்பு, பாதி. வேலை: சிவகாசியில் காலண்டர் பிரஸ், டிசைன் ரூம். ரத்த வகை: தெரியாது.

இன்று யூபிஎஸ் பாட்டரி மாற்றினார்கள். பத்து நிமிடம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியிருந்தது. டிசைன் ரூம் மூலையில் இருக்கும் நடு மெஷினும் நின்றது. அது இருநூற்றுப் பதினொரு நாளாக நிற்காமல் ஓடிய மெஷின். மறுபடி போட்டபோது விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, படங்கள் மட்டும் ஒன்றுகூட இல்லை.

படங்கள் உண்மையில் நடு மெஷினுக்குள் இல்லை. மாடியில் பிளேட் எடுக்கும் அறையில், ஏசிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் எட்டு டிஸ்க். அங்கிருந்து ஒரு நீலக் கேபிள் சுவர் வழியாக இறங்கி நடு மெஷினுக்கு வருகிறது. நடு மெஷின் அந்தப் பெட்டியைத் தன் வயிற்றுக்குள் இருக்கும் டிஸ்க் என்றே நினைத்து வேலை செய்யும். மற்ற மெஷின்கள் படம் கேட்டால் அதுதான் எடுத்துக் கொடுக்கும்.

இதை அமைத்துக் கொடுத்த மதுரை சார் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறார். முதலாளி கனகவேல் அண்ணாச்சி ஆறு தடவை போன் அடித்தார். அவர் எடுக்கவில்லை. ஆடிப் பதினெட்டு அன்று, ஏஜெண்டுகளுக்குக் காட்டும் அடுத்த வருடக் காலண்டர் மாதிரி ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியே விட வேண்டும். இன்னும் இருபத்தாறு நாள்தான்.

சாமி படங்கள் வரையும் அந்தோணி அண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பேசாம முருகனுக்கே ஒரு போன் போடுங்க அண்ணாச்சி. அவரும் உள்ளதான் மாட்டிக்கிட்டாரு" என்றார்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை.

நடு மெஷினின் திரையில் வந்த எழுத்தை நான் போட்டோ எடுத்து வைத்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

ஜூலை 9

அந்தப் போட்டோவை மதுரை சாருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. கூப்பிடட்டுமா என்று கேட்டார். 'வேண்டாம் சார், எழுதுங்க' என்றேன். மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் அவருக்கும் எழுதுவதுதான் வசதியாம்.

அவர் எழுதியதில் எனக்குப் புரிந்தது இது. மெஷினுக்கு நடுவில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. கீபோர்டு, திரை, டிஸ்க் எதுவானாலும் அதன் வழியாகத்தான் நடக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கையாள அதற்கு ஒரு டிரைவர் தேவை. கேபிள் வழியாக வரும் டிஸ்க்குக்கு என்.பி.டி. என்று ஒரு டிரைவர். சார் அதைப் போன வருடம் கையால் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். மெஷினைப் போடும்போதே அது தானாக ஏற வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. மெஷின் நிற்காதவரை அது யாருக்கும் தெரியவில்லை.

அவர் சொன்ன கட்டளையை அடித்தேன். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் சரியாக நடந்துவிட்டது என்று அர்த்தமாம். எனக்கு அந்தப் பழக்கம் பிடித்தது.

பிறகு பெட்டியோடு இணைத்தேன். டிஸ்க் தெரிந்தது. ஆனால் ஒரே கட்டியாக. உள்ளே பிரித்து வைத்த பகுதிகள் தெரியவில்லை. சாரிடமிருந்தும் அதன் பிறகு பதில் இல்லை.

ஜூலை 10

டிரைவரைப் பற்றி டிரைவரிடமே கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. அடித்தேன். இங்கிலீஷில் ஒரு பக்கம் வந்தது. ஒவ்வொரு வரியாகப் போனில் மொழிபெயர்த்துப் படித்தேன். கடைசியில் இரண்டு வரிகள். எத்தனை டிஸ்க்கைப் பார்க்கலாம் என்பது ஒன்று. ஒரு டிஸ்க்கில் எத்தனை பகுதியைப் பார்க்கலாம் என்பது இன்னொன்று. எங்கள் கெர்னல் பழசு. நாமாகச் சொல்லாவிட்டால் அது பூஜ்யம் பகுதிதான் பார்க்கும்.

டிரைவரை இறக்கினேன். பதினாறு என்று சொல்லி மறுபடி ஏற்றினேன். ஃபோல்டர்கள் எல்லாம் வந்தன. சாமி, இயற்கை, குழந்தை, தினத்தாள், மாதத்தாள்.

இனி தானாக ஏறும்படி இரண்டு கோப்புகளில் ஒவ்வொரு வரி எழுதி வைத்தேன். சரிதானா என்று பார்க்க மெஷினை மூன்று தடவை நிறுத்திப் போட்டேன். மூன்றாவது தடவை அண்ணாச்சி ஓடி வந்தார்.

"ஏ பிள்ளை, ஓடுறத எதுக்கு நிப்பாட்டுற?"

"நின்னா... தானா வருதான்னு..."

அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. திரையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தோணி அண்ணன், "ஏ ஊமைக்கோட்டான், நீயா சரி பண்ணுன?" என்றார். தலையாட்டினேன். "பாத்தீகளா, வாயத் தொறக்காமலே மெஷினத் தொறந்துட்டா" என்று ரூம் முழுக்கச் சொன்னார். சாயங்காலம் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 11

தண்ணீர் வந்தது. எட்டுக் குடம் பிடித்தேன். அம்மாவுக்குக் கட்டைவிரலில் காலண்டர்த் தகரம் கிழித்துவிட்டது.

ஜூலை 13

மாடியில் பிளேட் எடுக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் பேச்சியக்கா. படம் அங்கே அலுமினியத் தகட்டில் ஏறிய பிறகுதான் அச்சுக்குப் போகும். ஒவ்வொரு படத்துக்கும் அக்கா பென்டிரைவோடு கீழே இறங்கி வந்து, வாங்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். அவருக்கு முட்டி வலி.

இன்று என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஈசுவரி, இந்த அநியாயத்தக் கேளு. பெட்டி என் காலுகிட்டதான் கெடக்கு. நான் அதுமேல துண்டு காயப் போடுறேன். அதுல இருக்கிற படத்த எடுக்க நான் பதினெட்டுப் படி இறங்கி வரணுமாம்."

நான் சிரித்தேன்.

"சிரிக்காத. நீதான் கெட்டிக்காரியாச்சே. அந்த டிரைவரோ கண்டக்டரோ, அத என் மெஷின்லயும் ஏத்தி விட்டுரு."

மதுரை சார் விட்டுப் போன தாளில் 'பெட்டியோடு ஒரு மெஷினை மட்டுமே இணைக்கவும்' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. ஆனால் அது போன வருடத்துத் தாள். டிரைவர் தானாக ஏறுவதையே எழுத மறந்தவர்தானே அவர்.

முடியாது என்று அக்காவிடம் எப்படிச் சொல்வது? இதுவரை என்னிடம் யாரும் வந்து ஒரு காரியம் கேட்டதில்லை.

ஜூலை 15

சேர்த்துவிட்டேன். அரை மணி நேர வேலைதான். மாடி மெஷினிலும் டிரைவரை ஏற்றினேன், பெட்டியின் எண்ணைக் கொடுத்தேன், எல்லா ஃபோல்டரும் வந்துவிட்டன. தப்பாக இருந்தால் பெட்டி மறுத்திருக்கும். அது மறுக்கவில்லை.

சாரிடம் கேட்கலாம் என்று ஒரு செய்தி எழுதினேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன். வேலையில் இருப்பார்.

அக்கா அரைக் கிலோ சாத்தூர் சேவு கொடுத்தார். என் தலையைப் பிடித்து ஆட்டி, "மகராசி" என்றார். வீட்டில் அம்மாவிடம் எதற்குக் கொடுத்தார் என்று சொல்லவில்லை.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. பிரஸ்ஸில் எல்லோரும் வேகமாக நடக்கிறார்கள்.

ஒரு சின்ன விஷயம். டிசைன் ரூமில் புதிதாக வைக்கும் படம் மாடி மெஷினில் தெரிவதில்லை. மாடியில் ஒரு தடவை கழற்றி மறுபடி இணைத்தால் தெரிகிறது. காலையில் போய் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை செய்து கொடுக்கிறேன். பெரிய வேலை இல்லை.

அக்கா பிளேட்டுக்கான பெரிய கோப்புகளையும் இப்போது பெட்டியிலேயே வைக்கிறார். இடம் தாராளமாக இருக்கிறது.

ஜூலை 19

அந்தோணி அண்ணன் பதினேழு நாளாக வரைந்த முருகன் படம் இன்று திறக்கும்போது பாதிதான் வந்தது. முகம், வேல், மயிலின் கழுத்து எல்லாம் இருக்கின்றன. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் கோடு கோடாக இருக்கிறது.

"எவன்டே என் மயிலுக்கு மொட்டை போட்டது?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். பிறகு இன்னொரு படத்தைத் திறந்தார். அது திறக்கவே இல்லை. அப்புறம் சிரிக்கவில்லை.

மத்தியானம் ஒரு தடவை கரண்ட் போய் வந்தது. பாட்டரி புதிது, மெஷின்கள் நிற்கவில்லை. இருந்தாலும் கரண்ட்தான் காரணமாக இருக்கும்.

ஜூலை 20

பன்னிரண்டு படங்கள். சில பாதி, சில முழுதாக இல்லை. பன்னிரண்டும் அந்தோணி அண்ணன் வரைந்தவை.

அண்ணாச்சி டிசைன் ரூமுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாவிட்டால்தான் பயமாக இருக்கும்.

"போன வருசம் நம்ம மகாலட்சுமி படம் இன்னொருத்தன் ஆல்பத்துல வந்துச்சு. இந்த வருசம் படத்தையே காணோம். எல்லாம் உன் படமாவே போகுதே அந்தோணி, அது எப்படி?"

"இங்க இருக்கிறதுல முக்காவாசி நான் வரைஞ்சது அண்ணாச்சி. போனா என்னோடதுதான போகும்?"

"வெளிய கொண்டு போயிக் குடுத்துட்டு இங்க அழிச்சிட்டா, நம்மகிட்ட ஒண்ணும் இருக்காதுல்ல."

மாடிப்படியில் பேச்சியக்கா நின்றிருந்தார். பைண்டிங்கிலிருந்து பத்துப் பேர் கதவு வரை வந்துவிட்டார்கள். அம்மாவும் இருந்தாள்.

"திருடன்ங்கிறீகளா?"

"நான் அந்த வார்த்தைய எதுக்குச் சொல்லணும்? நீயே சொல்லிட்ட."

"இருபத்திரண்டு வருசம் அண்ணாச்சி."

"நான் சொல்லி விடுறேன். அப்ப வா."

அந்தோணி அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டார். கேட்டில் வாட்ச்மேன் கேரியரின் ஒவ்வொரு அடுக்கையும் திறந்து பார்த்தார்.

போவதற்கு முன் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏ பிள்ளை, மெஷின்ல எதும் கோளாறா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. கோளாறு இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஜூலை 21

ஞாயிறு. துணி துவைத்தேன். தலைக்குக் குளித்தேன். எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 22

காலையில் முதல் வேலையாக மாடி மெஷினைப் பெட்டியிலிருந்து பிரித்தேன். "ரிப்பேரா?" என்றார் அக்கா. தலையாட்டினேன்.

பிறகு மதுரை சாருக்கு எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். அவர் இந்தத் தடவை உடனே பதில் போட்டார். 'கடவுளே. எத்தனை நாளாக?' ஏழு நாள் என்றேன். பெட்டியில் இனி எதையும் எழுதவிடாதே, முழுவதையும் வேறு டிஸ்க்குகளில் நகல் எடு, அந்த நகலில் பரிசோதனைக் கட்டளையை ஓட்டு என்றார். அண்ணாச்சியிடம் 'டிஸ்க் சோதனை' என்று ஒரு தாளில் எழுதிக் காட்டி, அதுவரை ரூமை நிறுத்தி வைக்கக் கேட்டேன். சரி என்றார்.

சாயங்காலம் பரிசோதனை முடிந்தது. 'இந்த இடம் இரண்டு கோப்புகளுக்குச் சொந்தம்' என்று அறுபத்தொரு வரி வந்தது.

போன வருடம் எங்கள் சித்தி ஒரு மனை வாங்கினாள். அதே மனையை விற்றவன் இன்னொருவருக்கும் எழுதிக் கொடுத்திருந்தான். இரண்டு பேர் கையிலும் பட்டா இருந்தது. சித்தி அஸ்திவாரம் தோண்டிய இடத்தில் ஒரு வாரம் கழித்து அந்த ஆள் செங்கல் இறக்கினான். இதுவும் அப்படித்தான். எந்த இடம் காலி என்று ஒவ்வொரு மெஷினும் தன் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒன்றின் கணக்கு இன்னொன்றுக்குத் தெரியாது. நடு மெஷின் மயில் தோகையை வைத்த இடம், மாடி மெஷினின் கணக்கில் காலி இடம். அக்கா தினத்தாள் பிளேட்டை அதன் மேலேயே வைத்துவிட்டார். அக்கா வைக்கவில்லை. மெஷின் வைத்தது.

போன மாதம் எடுத்த நகல் ஒன்று அலமாரியில் இருந்தது. அதில் ஐந்து படங்கள் கிடைத்தன. மீதி ஏழு அதற்குப் பிறகு வரைந்தவை. முருகனும் அதில் சேர்த்தி. அவை வராது.

கரண்ட் இல்லை. நான்தான்.

ஜூலை 24

ஏழு படங்களுக்குப் பதிலாக வெளியே ஒரு ஸ்டுடியோவில் அவசரமாக வாங்குகிறார்கள். எல்லா முகமும் ஒன்று போலவே இருக்கிறது.

அம்மா புளி கரைத்துக்கொண்டே பேசினாள்.

"அந்தோணி ரெண்டு பிரஸ்ல போயிக் கேட்டாராம். சீசன் நேரத்துல பேர் கெட்டவன எவன் உள்ள விடுவான்? அவரு மக பன்னெண்டாப்பு படிக்குது. பாவம்."

"ம்."

"உனக்கு பருத்திப்பாலெல்லாம் வாங்கித் தருவாருல்ல? மூஞ்சியப் பாத்தா திருடுற ஆளாத் தெரியலயே."

"ம்."

"என்ன ம்? நீ ஏன் சாப்பிடல?"

சாப்பிட்டேன்.

ஜூலை 26

அண்ணாச்சிக்கு எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். தாள் சொன்னதைப் படித்துவிட்டுத்தான் சேர்த்தேன் என்பதையும் எழுதினேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். நான் கதவருகே நின்றேன். வேலையை விட்டு நிறுத்துவார், அல்லது அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இத வேற யாரு பாத்தா?"

யாரும் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அம்மாகிட்ட?"

"இல்ல."

"நல்லது. யார்கிட்டயும் மூச்சு விடாத. ஏஜெண்டுக காதுக்குப் போச்சுன்னா, இவன் பிரஸ்ல படம் தானா அழியுதும்பானுக. எவனும் ஆர்டர் தர மாட்டான். அந்தோணிய நான் பிறகு பாத்துக்கிடுறேன்."

நான் அங்கேயே நின்றேன்.

"இன்னும் என்ன? நீ பேசாத பிள்ளை. அதுக்காகத்தான அந்த ரூமையே உன்ன நம்பி விட்டுருக்கேன். போ, வேலையப் பாரு."

ஒன்பதாம் வகுப்பில் தினமும் காலையில் டீச்சர் பெயர் கூப்பிடுவார். என் பெயர் வரும்போது எனக்குக் குரல் வராது. தலை நிமிராமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தே எனக்கு நாற்பத்திரண்டு நாள் ஆப்சென்ட். அம்மாவைக் கூட்டி வரச் சொன்னார்கள். அம்மாவிடமும் நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் சுற்றினேன் என்றே வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். இன்றுவரை அப்படித்தான்.

பேசாமல் இருப்பதற்காக ஒருவர் என்னை நம்புவது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு நடந்து வரும்போது இரண்டு தடவை வழியில் நின்றேன்.

ஜூலை 28

ஞாயிறு. அந்தோணி அண்ணன் வீட்டுக்குப் போனேன். மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். அவர் வாசலில் மகளின் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு, ஊமைக்கோட்டானா? அண்ணாச்சி அனுப்புனாரா?"

இல்லை என்று தலையாட்டினேன். அறுபத்தொரு வரி அச்சடித்த தாளைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது, கரண்ட் பில்லா? எனக்கு என்னத்தத் தெரியும்? வாயத் தொறந்து சொல்லு."

சொல்ல வேண்டியதாகிவிட்டது. "பேச்சியக்கா மெஷினையும் பெட்டியில சேத்தேண்ணே. சேக்கக் கூடாது. தாள்ல போட்டிருந்துச்சு. படிச்சிட்டுத்தான் சேத்தேன். அதான் படமெல்லாம்..."

செயினிலிருந்து கையை எடுத்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"திங்கக்கிழம."

"இன்னைக்கு ஞாயிறு. ஆறு நாளு."

"சனிக்கிழமையே... தெரியும்."

"அப்ப எட்டு நாளு." கையில் இருந்த கரியை வேட்டியில் துடைத்தார். நல்ல வேட்டி. "எட்டு நாளா என் மக பள்ளிக்கூடத்துக்குச் சுத்து வழியாப் போறா. அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"வெள்ளிக்கிழம எழுதிக் குடுத்தேன்."

"ஓ. ரெண்டு பேருமாச் சேந்து பொத்திக்கிட்டீக."

உள்ளேயிருந்து அவர் மனைவி மோர் கொண்டு வந்து கொடுத்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இங்க பாரு ஈசுவரி. என்னைய அவரு எத்தன பேர் முன்னாடி சொன்னாரோ, அத்தன பேர் முன்னாடி இல்லேன்னு ஆகணும். அவரு சொன்னாலும் சரி, நீ சொன்னாலும் சரி. என் வீட்டு வாசல்ல வந்து என் காதுல சொல்றது எனக்கு எதுக்கு? நான் திருடலன்னு எனக்குத் தெரியாதா?"

எழுந்தேன்.

"மோரக் குடிச்சிட்டுப் போ. வெயிலு."

குடித்தேன்.

ஜூலை 30

இன்று பெட்டியில் ஒரு கோப்பைத் திறந்து, நடு மெஷினின் எண்ணை மட்டும் எழுதினேன். இனி வேறு எந்த மெஷின் வந்து கேட்டாலும் பெட்டி மறுக்கும். மாடி மெஷினிலிருந்து கேட்டுப் பார்த்தேன். மறுத்தது. பிறகு மாடி மெஷினில் அந்த டிரைவரையே எடுத்துவிட்டேன். அக்காவுக்கு வேண்டிய படத்தை நடு மெஷினிடமே கேட்டு வாங்கும்படி, டிசைன் ரூமில் இருப்பதைப் போலவே இன்னொரு கேபிள் இழுத்துச் செய்து கொடுத்தேன். இப்போது கணக்கு வைப்பது நடு மெஷின் மட்டும்தான்.

"இதுலயும் படி இறங்க வேண்டாமா?"

"வேண்டாங்க்கா."

"அப்ப இத மொதல்லயே இப்படிச் செஞ்சிருக்கலாம்ல?"

"ஆமாக்கா."

அக்கா என்னையே பார்த்தார். நான் சொல்வதற்கு முன்னால் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"அந்தோணியா அது? இல்ல, நம்மளா?"

"நாந்தாங்க்கா."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 1

சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதினேன். பதினொரு வரி வந்தது. அடித்து அடித்து நாலு வரியாக்கினேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா, "வேலை போச்சுன்னா போகுது" என்றாள். பிறகு, "என்கிட்ட ஏன்டி எதையுமே சொல்ல மாட்ட?" என்றாள்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு.

மெஷின் ஹாலில் பூஜை. எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. நாற்பது பேர் இருந்தோம். நடுவில் மேசை மேல் புது ஆல்பம் மஞ்சள் துணியில் சுற்றி இருந்தது. ஒரே ஒரு அச்சு மெஷின் மட்டும் சாமிக்காகச் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அந்தோணி அண்ணன் உட்கார்ந்திருப்பது ஹாலிலிருந்து தெரிந்தது. பேச்சியக்காதான் வரச் சொல்லியிருக்கிறார்.

அண்ணாச்சி கற்பூரத்தை ஏற்றக் குனிந்தார். ஆல்பத்தை எடுத்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். நான் முன்னால் போய் நின்றேன். தாளைப் பிரித்தேன். படிக்காமலே மடித்துவிட்டேன்.

"அண்ணாச்சி, படத்த அழிச்சது அந்தோணி அண்ணன் இல்ல. நான்."

பின்னாலிருந்து ஒருவர், "என்ன சொல்லுது?" என்றார்.

"கேக்கல பிள்ளை, மெஷினு ஓடுதுல்ல."

யாரோ போய் மெஷினை நிறுத்தினார்கள். அது ஒரேயடியாக நிற்கவில்லை. நாலைந்து சுற்றுச் சுற்றி மெதுவாக நின்றது. அதுவரை நாற்பது பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது.

"அந்தோணி அண்ணன் எதையும் எடுக்கல. நான் ரெண்டு மெஷின ஒரே பெட்டியில சேத்தேன். சேக்கக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சும் சேத்தேன். ஒரு மெஷினு வச்ச படத்து மேலயே இன்னொரு மெஷினு எழுதிருச்சு. அவரு படம் அதுலதான் போச்சு. அவரு திருடல."

கடைசி வார்த்தை நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சேக்கச் சொன்னது நான் அண்ணாச்சி" என்றார் பேச்சியக்கா. "முட்டி வலின்னு நாந்தான் உயிர எடுத்தேன். அத விட்டுட்டுப் பிள்ளைய மட்டும் பாக்காதீக."

அண்ணாச்சி யாரையும் பார்க்கவில்லை. கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கும்பிடுங்க மொதல்ல. கரையுது" என்றார்.

கும்பிட்டோம். அவர் ஆல்பத்தைப் பிரிக்கவில்லை. தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, செருப்பு இல்லாமல் கேட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனார். அந்தோணி அண்ணன் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி நின்றுகொண்டே பேசினார். என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. நாற்பது பேரும் கேட்டருகே போய் நின்று பார்த்தோம். வெகு நேரம் கழித்து அந்தோணி அண்ணன் பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டார். அண்ணாச்சி உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 5

அந்தோணி அண்ணன் ஒன்பதரைக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. யாரிடமும் விளையாட்டுப் பேச்சு பேசவில்லை. ஒரு சர்ச்சுக்குத் தனி ஆர்டர், மாதா படம். மத்தியானம் வரை நீல அங்கியை மட்டும் வரைந்தார்.

அண்ணாச்சி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. இனி பெட்டியில் கை வைக்கும்போது பேச்சியக்கா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் ஸ்டூலில் உட்கார்ந்து, "இப்ப என்ன அடிக்க? எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐந்து மணிக்கு அந்தோணி அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்தப் படம் எங்கெங்க இருக்கு?"

"பெட்டியில. அப்புறம் நகல் எடுக்கிற டிஸ்க்குல."

"அப்புறம்?"

"அவ்வளவுதாண்ணே."

பையிலிருந்து ஒரு சின்ன டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார். புதிது, உறை பிரிக்கவில்லை. "இதுலயும் ஒண்ணு போடு. வீட்டுக்குக் கொண்டு போறேன். கேட்ல பையத் தொறப்பான். அண்ணாச்சிகிட்டப் போயி சீட்டு வாங்கிட்டு வா."

டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி அறைக்குப் போனேன். அவர் பேனாவை மூடினார்.

"என்னது?"

"அந்தோணி அண்ணன் படம் அண்ணாச்சி. ஒரு நகல். வெளிய கொண்டு போக சீட்டு வேணும்."

"எங்க?"

"அவரு வீட்டுக்கு."

அண்ணாச்சி டிஸ்க்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கதவருகே போய் நிற்கவில்லை. மேசைக்கு முன்னாலேயே நின்றேன். அவர் சீட்டுப் புத்தகத்தை இழுத்து எழுதினார், கையெழுத்துப் போட்டார், கிழித்துக் கொடுத்தார்.

"தினமும் வந்து கேக்காத. வருசம் பூராத்துக்கும் எழுதிருக்கேன்."

ஆறு மணிக்கு அம்மாவும் நானும் கேட்டுக்கு வந்தபோது அந்தோணி அண்ணன் எங்களுக்கு முன்னால் நின்றிருந்தார். சீட்டைக் கொடுத்தார். வாட்ச்மேன் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தார். பையைத் திறக்காமல் கேட்டைத் திறந்தார்.